பழைய டிராக்டர், டிரெய்லர்: என்ன மதிப்பு போடுவது, எப்படி இன்ஷூரன்ஸ் எடுப்பது?

பூந்தமல்லி, திருமழிசை, வெள்ளவேடு, திருநின்றவூர், வேப்பம்பட்டு வட்டாரத்தில் வீட்டுமனைகளுக்கு நடுவே இன்றும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நெல் போடும் விவசாயிகள் இருக்கிறார்கள். பலரிடம் இருப்பது பழைய டிராக்டர். அதன் பின்னால், உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கிய டிரெய்லர். வண்டிக்கு 15 வயது தாண்டியிருக்கும். கடன் எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் 'இன்ஷூரன்ஸ் கட்டியாச்சா?' என்று கேட்க வங்கியும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஏஜென்ட் போன் செய்து, "அண்ணே, வண்டிக்கு மதிப்பு எவ்வளவு போடட்டும்?" என்று கேட்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

'பழைய வண்டிதானே, குறைச்சுப் போடுங்க' என்பார் ஒருவர். 'விலை அதிகமா போட்டா, பணம் அதிகமா வரும்' என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகக் கலக்கிக்கொள்கிறார்கள். வண்டி என்ன விலை போகும் என்பது ஒரு கேள்வி. அந்த வண்டியால் எவ்வளவு பெரிய கடன் தலையில் விழலாம் என்பது இன்னொரு கேள்வி. 2 லட்ச ரூபாய் டிராக்டர் மோதி ஒருவர் இறந்தால், தீர்ப்பாயம் டிராக்டரின் விலையைப் பார்த்து இழப்பீடு சொல்வதில்லை. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் என்று பார்த்துத்தான் சொல்லும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் கேட்கும் இழப்பீடே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். வழக்காகப் போனால் தொகை இதைவிடப் பல மடங்கு கூடலாம். இன்ஷூரன்ஸ் இல்லை என்றால், அதை வண்டிக்காரர்தான் கட்ட வேண்டும். நிலத்தை விற்றுக் கட்ட வேண்டிய நிலைகூட வரலாம்.

டிரெய்லரும் தனி வண்டிதான்

பலரும் தவறவிடும் இடம் இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 2-வது பிரிவில் 'மோட்டார் வாகனம்' என்பதற்குச் சொல்லப்பட்ட விளக்கத்துக்குள் டிரெய்லரும் அடக்கம். இன்ஜின் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரு வண்டி. அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். பாலிசியிலும் அதன் பதிவு எண், சேஸிஸ் எண், மதிப்பு ஆகியவை தனியாக எழுதப்பட வேண்டும். டிராக்டர் எண் மட்டும் உள்ள பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு சாலையில் போனால், பாதி வண்டிக்குத்தான் பாதுகாப்பு.

பாலிசியை எடுத்து ஒருமுறை பார்ப்பது நல்லது. 'டிரெய்லர்' என்ற இடத்துக்கு எதிரே காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால், டிரெய்லர் அதில் சேரவில்லை என்று அர்த்தம்.

முதலில் மூன்று விலைகள்

பழைய வண்டிக்கு அச்சடித்த விலைப்பட்டியல் கிடையாது. அதனால் மூன்று விலைகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒன்று, காய்லாங்கடை விலை. இதுதான் அடிமட்டம். எந்தக் காலத்திலும் வண்டியின் மதிப்பு இதற்குக் கீழே போகாது. டிரெய்லரை எடை மேடையில் ஏற்றி எடைச்சீட்டு வாங்கி, அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். பழைய டிரெய்லரில் பெரும்பகுதி இரும்புதான் என்பதால், அதன் மதிப்பு இந்த அடிமட்டத்துக்குப் பக்கத்திலேயேதான் நிற்கும்.

இரண்டு, எக்ஸ்சேஞ்ச் விலை. புது டிராக்டர் ஷோரூமில் 'பழசைக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள்?' என்று கேட்டால் சொல்வார்கள். அவர்களும் அதை மறுபடி விற்று லாபம் பார்க்க வேண்டும் என்பதால், இந்த விலை சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மூன்று, விவசாயிக்கு விவசாயி விற்கும் விலை. அதே மாடல், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே நிலையில் உள்ள வண்டி கடந்த சில மாதங்களில் அக்கம்பக்கத்து ஊரில் என்ன விலைக்குக் கைமாறியது என்று புரோக்கர்களிடமும் மெக்கானிக்கிடமும் விசாரிக்க வேண்டும். கேட்ட விலையை எடுத்துக்கொள்ளக் கூடாது. பணம் கைமாறிய விலைதான் கணக்கு.

இன்ஷூரன்ஸுக்குப் போட வேண்டிய மதிப்பு மூன்றாவது விலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 'இந்த வண்டி நாளைக்கே தொலைந்துபோனால், இதேபோல் ஓடுகிற இன்னொரு பழைய வண்டியை வாங்கி வாசலில் நிறுத்த என்ன செலவாகும்?' என்று கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. புது வண்டி விலை இறங்கினால், அதை ஒட்டிப் பழைய வண்டி விலையும் இறங்கும். அதற்கு முன் போட்ட மதிப்பை அப்படியே வைத்திருப்பவர்கள் திரும்ப விசாரிப்பது நல்லது.

பார்த்து, கூட்டிக் கழிக்க வேண்டியவை

ஒரே ஆண்டில் வந்த இரண்டு டிராக்டர்களுக்குள் பெரிய விலை வித்தியாசம் இருக்கும். மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றைப் பார்க்கலாம்.

இன்ஜின்: குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று அடித்தால் ரிங், லைனர் வேலை காத்திருக்கிறது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது.

ஹைட்ராலிக்: கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்தால், அது சற்று நேரம் அப்படியே நிற்க வேண்டும். உடனே இறங்கினால் செலவு உண்டு.

டயர்: பின்சக்கர டயர் இரண்டையும் மாற்ற வேண்டிய நிலை என்றால், அந்தத் தொகையை அப்படியே விலையில் கழித்துவிடலாம்.

டிரெய்லர்: அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா, இழுவைக் கொக்கி தேய்ந்திருக்கிறதா, அச்சு வளைந்திருக்கிறதா, டிப்பர் ஜாக்கி ஆயில் கசிகிறதா, பின்விளக்கும் ரிஃப்ளெக்டரும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த கொக்கி விலையைக் குறைக்கும். சாலையில் உயிரையும் எடுக்கும்.

உதிரி பாகம்: சென்னை மேற்குப் பகுதி விவசாயிகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் செம்பியம் தொழிற்சாலை பக்கத்திலேயே உள்ளது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலைக்கும் பஞ்சமில்லை. எளிதாக உதிரி பாகம் கிடைக்கிற மாடலுக்கு வயதானாலும் விலை நிற்கும். கம்பெனி உற்பத்தியை நிறுத்தி, பாகமும் கிடைக்காத மாடல் நன்றாக ஓடினாலும் வாங்க ஆள் யோசிப்பார்கள்.

காகிதம்: ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்பட்டதா, இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். காகிதம் சரியில்லாத வண்டிக்குக் கிட்டத்தட்ட காய்லாங்கடை விலைதான்.

ஐ.டி.வி. என்றால்?

வண்டி திருடு போனாலோ, சரிசெய்ய முடியாதபடி சேதமானாலோ கம்பெனி தருவதாக ஒப்புக்கொள்ளும் உச்சத் தொகைதான் ஐ.டி.வி. 2002-ல் வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளில் இதற்கு ஒரு பட்டியல் உண்டு. புது விலையிலிருந்து 6 மாதத்துக்குள் 5%, 1 ஆண்டுக்குள் 15%, 2 ஆண்டுக்குள் 20%, 3 ஆண்டுக்குள் 30%, 4 ஆண்டுக்குள் 40%, 5 ஆண்டுக்குள் 50% தேய்மானம் கழிக்கப்படும்.

5 ஆண்டு தாண்டிய வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் பட்டியல் கிடையாது. கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கேரவன் வண்டிகளுக்கும் இதே கேள்வி எழுகிறது. அங்கே 'அன்றைய சந்தை மதிப்பைத் தரும்' பாலிசி ஒரு வகை. 'முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட மதிப்பைத் தரும்' பாலிசி இன்னொரு வகை. பின்னதை எடுப்பவர்கள் போட்டோ, ரிப்பேர் பில், மதிப்பீட்டுச் சான்று எல்லாம் கொடுத்துத்தான் தொகையைப் பேசுகிறார்கள். இங்கேயும் பழைய டிராக்டருக்கு அப்படிப் பேச இடம் இருக்கிறது. ஏஜென்ட் சொல்லும் எண்ணுக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. புதிதாக இன்ஜின் வேலை பார்த்த பில், டயர் மாற்றிய பில், நான்கு பக்கமும் எடுத்த போட்டோ ஆகியவற்றைக் காட்டி, நியாயமான தொகையைக் கேட்கலாம்.

மதிப்பைக் கூட்டிப் போட்டால் லாபமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 ஆண்டு ஆன டிராக்டர் ஒன்று பள்ளத்தில் இறங்கி முன் அச்சு உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். இரும்புப் பாகங்கள் 30,000 ரூபாய், பேட்டரி மற்றும் ரப்பர் ஹோஸ்கள் 8,000 ரூபாய், கூலி 7,000 ரூபாய். மொத்தம் 45,000 ரூபாய்.

பொதுவான பாலிசி விதிப்படி, 10 ஆண்டு தாண்டிய வண்டியின் இரும்புப் பாகங்களுக்கு 50% தேய்மானம். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு எந்த வயதிலும் 50%. கூலிக்குத் தேய்மானம் இல்லை. ஆக 15,000 + 4,000 + 7,000 = 26,000 ரூபாய். இதில் கட்டாயப் பிடித்தத் தொகையும் கழியும். மிச்சம் 19,000 ரூபாயும் அந்தப் பிடித்தமும் கைக்காசு. ஐ.டி.வி. 2 லட்சம் என்று போட்டிருந்தாலும், 4 லட்சம் என்று போட்டிருந்தாலும் இந்த 26,000 மாறாது. பிரீமியம் மட்டும்தான் கூடியிருக்கும்.

குறைத்துப் போடுவதிலும் ஆபத்து உண்டு. மீட்புச் செலவும் ரிப்பேர் செலவும் சேர்ந்து ஐ.டி.வி-யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், அதை முழு இழப்பாக எடுத்துக்கொள்வார்கள். சந்தையில் 2 லட்சம் பெறும் வண்டிக்கு 80,000 என்று போட்டிருந்தால், 60,000 ரூபாயைத் தாண்டும் சேதத்திலேயே கணக்கை முடித்து, 80,000-ஐ வைத்துப் பேசுவார்கள். அந்தப் பணத்துக்கு அதேபோல் வண்டி கிடைக்காது.

தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா?

தேர்ட் பார்ட்டி பாலிசி சட்டப்படி கட்டாயம் (பிரிவு 146). இல்லாமல் ஓட்டினால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட விதிக்கலாம்; மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். ஆனால் அதில் சொந்த வண்டிக்கு எதுவும் கிடைக்காது. திருட்டு, தீ, வெள்ளம், மோதல் ஆகியவற்றுக்கும் வேண்டுமென்றால் பேக்கேஜ் பாலிசி எடுக்க வேண்டும்.

எது சரி என்று முடிவுசெய்ய எளிய வழி: இரண்டுக்கும் விலைப்புள்ளி வாங்கி, வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்குக் கூடுதலாகக் கட்டும் அந்தத் தொகைக்கு ஈடாக, வண்டி போனால் கையைக் கடிக்காமல் இன்னொன்று வாங்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். அந்த டிராக்டர்தான் பிழைப்பு, தொலைந்தால் மறுபடி கடன் வாங்க வேண்டும் என்பவருக்கு பேக்கேஜ் நல்லது. காய்லாங்கடை விலைக்கு வந்துவிட்ட வண்டி, இரவில் பூட்டிய கொட்டகைக்குள் நிற்கிறது என்றால் தேர்ட் பார்ட்டி போதும்.

இந்த வட்டாரத்தில் வெள்ளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள் தண்ணீரில் நின்றன. ஏரிக்கரை, தாழ்வான கொட்டகை என்றால் பேக்கேஜ் பக்கம் சாய்வதே மேல். ஒன்றை மறக்கக் கூடாது: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. வெள்ளத்தால் வந்த சேதம் பாலிசிக்குள் வரும். தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சுற்றவைத்து உடைத்தால், அது வேறு கதை என்று கம்பெனி சொல்லிவிடும். போட்டோ எடுத்து, தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகுதான் வண்டியில் கைவைக்க வேண்டும்.

விளக்கு, டயர், மட்கார்டு போன்ற பாகங்கள் தனிக் கட்டணம் கட்டினால்தான் சேரும் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. கேட்டு, எழுதி வாங்குவது நல்லது. தேய்மானம், மெக்கானிக்கல் கோளாறு எந்தப் பாலிசியிலும் வராது.

எந்த வேலைக்கு ஓடுகிறது?

விவசாயம் குறைந்த ஊர்களில் டிராக்டர் சும்மா நிற்பதில்லை. மனை மேடாக்க மண், செங்கல் சூளைக்கு மண், கட்டட வேலைக்கு ஜல்லி என்று வாடகைக்கு ஓடுகிறது. பாலிசியிலோ 'விவசாய உபயோகம் மட்டும்' என்று இருக்கும்.

இதில் என்ன ஆகும் என்பதற்கு, உச்ச நீதிமன்றம் 2007-ல் ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் – பிரிஜ் மோகன் வழக்கில் சொன்ன தீர்ப்பு நல்ல உதாரணம். செங்கல் சூளைக்காக மண் எடுக்கப் போன கூலித் தொழிலாளி, மண் ஏற்றிய டிரெய்லரில் உட்கார்ந்து வந்தபோது விபத்தில் சிக்கினார். டிராக்டருக்கு மட்டுமே பாலிசி இருந்தது, டிரெய்லருக்கு இல்லை. செய்த வேலையும் விவசாய வேலை இல்லை. கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. காயம்பட்டவர் ஏழைத் தொழிலாளி என்பதால், தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, 'முதலில் கம்பெனி பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று உத்தரவிட்டது. கடைசியில் சுமை வண்டிக்காரர் தலையில்தான்.

ஒரே வழக்கில் மூன்று தவறுகள்: டிரெய்லருக்குப் பாலிசி இல்லை, வேலை மாறிவிட்டது, டிரெய்லரில் ஆள் ஏற்றப்பட்டார். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களை டிரெய்லரிலோ மட்கார்டிலோ ஏற்றிக்கொண்டு போவது ஊர்வழக்கம்தான். ஆனால் டிராக்டர், ஓட்டுநர் ஒருவருக்கான வண்டி. பாலிசி எடுக்கும்போதே, வண்டி என்னென்ன வேலைக்கு ஓடுகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வாடகைக்கு ஓடும் என்றால் அதற்கான பதிவும் பாலிசியும் எடுக்க வேண்டும். சம்பள ஓட்டுநர், ஏற்றி இறக்கும் ஆட்கள் ஆகியோருக்கான கூடுதல் காப்பையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விற்றுவிட்டால் முடிந்ததா?

முடியவில்லை. கையெழுத்துப் போட்ட படிவங்கள் 29, 30-ஐ புரோக்கரிடம் கொடுத்துவிட்டு, ஆர்.சி. பெயர் மாறியதா என்று பார்க்காமல் விடுகிறவர்கள் அதிகம். 2018-ல் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில், வண்டி பல கைகள் மாறியிருந்தும், ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றவர், விற்ற 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும்.

வாங்குகிறவரும் 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய பாலிசியின் தேர்ட் பார்ட்டி பகுதி சட்டப்படி தானாக அவருக்கு வந்துவிடும். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக வராது. 'நோ கிளெய்ம் போனஸ்' விற்றவருக்குச் சொந்தமானது, வண்டியோடு போகாது.

வாசகர்கள் கேட்பவை

கேள்வி: பட்டறையில் செய்த டிரெய்லர், பதிவே செய்யவில்லை. இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: பதிவு எண் இல்லாமல் பாலிசியில் சேர்ப்பது சிரமம். பட்டறையின் பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், பதிவுக்கு என்ன ஆவணங்கள் தேவை என்று கேளுங்கள். அதுவரை டிரெய்லரைச் சாலையில் எடுக்க வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்கள், பதிவு செய்யத் தேவையான சான்றிதழ்களைத் தரும் தயாரிப்பாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: 10 ஆண்டு ஆன டிராக்டரை உடைக்கக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்களே?

பதில்: அப்படி விதி இல்லை. விவசாய டிராக்டர், போக்குவரத்து அல்லாத வாகனம். முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023-ல் இதைத் தெளிவுபடுத்தியுள்ளது. பதிவு காலாவதியான வண்டிக்கு கிளெய்ம் கேட்டால் சிக்கல் வரும் என்பதால், நாளைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: வண்டி அப்பா பெயரில் உள்ளது. அவர் காலமாகிவிட்டார். பாலிசி செல்லுமா?

பதில்: பாலிசி உடனே ரத்தாகாது. இறந்த நாளிலிருந்து 3 மாதமோ, பாலிசி முடியும் நாளோ, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தகவல் தந்து, படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு ஆர்.சி-யை மாற்றுங்கள். பிறகு பாலிசியையும் மாற்றுங்கள்.

கேள்வி: டிராக்டர் லைசென்ஸ் மட்டும் இருக்கிறது. டிரெய்லர் மாட்டினால் செல்லாது என்று கம்பெனி சொல்லுமா?

பதில்: அப்படிச் சொன்ன வாதத்தை உச்ச நீதிமன்றம் 2001-ல் நாகஷெட்டி வழக்கில் ஏற்கவில்லை. டிராக்டர் ஓட்டும் உரிமம், டிரெய்லர் மாட்டியபோதும் செல்லும்.

கேள்வி: பாலிசி முடிந்து மறந்துவிட்டேன். என்ன இழப்பு?

பதில்: முடிந்த நிமிடத்திலிருந்து பாதுகாப்பு இல்லை. 90 நாட்களுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ் தப்பும். பேக்கேஜ் என்றால் வண்டியை நேரில் பார்த்த பிறகுதான் தருவார்கள். புதுப்பிக்கும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: கிளெய்மை மறுத்துவிட்டார்கள். எங்கே போவது?

பதில்: முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் உள்ளது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பாலிசி, புகார் நகல், மறுப்புக் கடிதம், சர்வேயர் அறிக்கை, போட்டோ ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள்.